கல்யாணக் கடனுக்குத் தட்டு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்களிடம் துணி நெய்வது ஆண்கள் வேலை, கூடை முடைவது பெண்கள் வேலை. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பெண்ணுக்கு வெள்ளைப் பருத்தி ஆடை நெய்து தருவார்கள். அந்தக் கடனைப் பெண் வீட்டார் முடைந்த தட்டுகளால் அடைக்க வேண்டும். ஒன்றிரண்டு இல்லை, டஜன் கணக்கில்! அத்தை, சித்தி எல்லாம் கூடி உட்கார்ந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாம் மேசா எனும் மேட்டுநிலத்தில் புல்கற்றையைச் சுருளாகச் சுற்றி, கூர்முனையால் துளைபோட்டு, யுக்கா எனும் வறண்ட நிலச் செடியின் இலைக் கீற்றால் இறுக்கித் தட்டாகத் தைப்பார்கள். வெள்ளைக்கு உள் குருத்து, பச்சைக்கு வெளி இலை. ஒவ்வொரு தையலும் முந்தைய சுற்றைக் கவ்விப் பிடிக்கும். விலை கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒரே ஒரு சுற்று தைத்துப் பார்க்கட்டும்.

மூன்றாம் மேசாவில் பாணியே வேறு. சாயமேற்றிய புதர்க்குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவார்கள். தட்டைப் பார்த்தாலே எந்தப் பக்கத்துக் கை என்று தெரிந்துவிடும்.

அப்புறம், இலையுதிர் காலத்தில் பெண்களின் கூடை நடனம் உண்டு. ஆட்டத்தின்போது கூடைகளையும் பரிசுப்பொருள்களையும் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அதைப் பிடிக்க ஆண்கள் முண்டியடிப்பதில் சட்டை கிழிவதும் உண்டாம்!