எம்35ஏ2 இராணுவ லாரி: பிரேக்கிலிருந்து தொடங்கிய மராமத்து

அமெரிக்க இராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் வாங்கி, யூட்டா மாநிலத்தின் பாறையும் மணலும் கலந்த பாதைகளில் ஓட்டுவதற்கு ஏற்றபடி பழுது பார்த்து மாற்றியமைத்தேன். இத்தகைய லாரியை வாங்குவோரில் பலர் முதலில் பெரிய டயருக்கும், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சுக்கும் பணத்தைச் செலவிடுகிறார்கள். முதல் பணமும் முதல் உழைப்பும் பிரேக்குக்கே போக வேண்டும் என்பது இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டது. அதன் காரணத்தை, வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எம்35 வரிசை 1950களில் படையில் சேர்ந்தது. சாலை இல்லாத நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்று பெயர் பெற்றது. ஆறு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும். ஏ2 வகையில் உள்ள 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் ஆகியவற்றில் எதை ஊற்றினாலும் ஓடும். இதற்கு அடிப்படையான எரிப்பு முறை ஜெர்மனியின் மான் நிறுவனத்துடையது. இந்திய இராணுவத்தின் சக்திமான் லாரியும் அதே நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் உருவானது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எஞ்சினிடம் ஒரு நெருக்கம் தோன்றும்.

ஏலத்தில் வென்றவுடன் வண்டி கைக்கு வந்துவிடாது. எஸ்.எஃப்.-97 என்ற அரசுப் படிவம் வந்த பிறகே மாநிலப் போக்குவரத்துத் துறையில் உரிமைச் சான்றுக்கு விண்ணப்பிக்க முடியும். படிவத்திலுள்ள வரிசை எண்ணும் வண்டியின் தகட்டிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை வண்டியை எடுக்கும் இடத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் அதிகத் தொல்லை தரவில்லை. டீசல் தொட்டியைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றி, 24 வோல்ட் மின்னமைப்புக்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்ததும் இயங்கியது. எரிபொருளின் அடர்த்திக்கேற்ப, ஊசிப் பம்பு எஞ்சினுக்குள் செலுத்தும் எரிபொருளின் அளவைத் திருத்தும் கருவி கசிந்துகொண்டிருந்தது. நான் டீசல் மட்டுமே ஊற்றப்போவதால் அதைக் குழாய்த் தொடர்பிலிருந்து விலக்கிவிட்டேன்.

இனி பிரேக். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம் வண்டியின் அடியிலுள்ள காற்று பூஸ்டருக்குச் செல்கிறது. எஞ்சினோடு ஓடும் கம்ப்ரஸர் சேமித்து வைத்த காற்றின் துணையால் பூஸ்டர் அந்த அழுத்தத்தைப் பன்மடங்காக்கி, ஆறு சக்கரங்களின் வீல் சிலிண்டர்களுக்கும் ஒரே குழாய்த் தொடர்பில் அனுப்புகிறது. அந்த ஒரே தொடர்பில்தான் ஆபத்து இருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும், ஒரு வீல் சிலிண்டரின் வாஷர் பிய்ந்தாலும், ஆறு சக்கரங்களின் பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். அதன் பிறகு எஞ்சியிருப்பது, எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் உள்ள கைபிரேக் டிரம் மட்டுமே. வெறுமையாகவே சுமார் ஆறு டன் எடையுள்ள வண்டியைச் சரிவில் நிறுத்த அதை நம்ப முடியாது.

பிரேக் ஷூக்கள் உள்ளிருந்து அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் டிரம்களைக் கழற்றுவதே பெரிய வேலை. இந்த ஆக்ஸிலில் டிரம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் உட்புறத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், ஆக்ஸில் தண்டை உருவி, பேரிங் நட்டுகளைத் திறந்து, ஹப்போடு சேர்த்தே இறக்க வேண்டும். இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடமுறை மரையுள்ளவை என்பதால், அவற்றை வழக்கத்திற்கு மாறாக வலமாகச் சுற்றித்தான் கழற்ற வேண்டும். பின் ஆக்ஸிலில் உட்புறச் சீல் தேய்ந்து கியர் ஆயில் ஷூக்களில் ஊறியிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதால் புதிய ஷூக்களையே பொருத்தினேன். வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள், சீல்கள் அனைத்தும் புதியவை. துருப்பிடித்த இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் குழாய் போட்டேன்.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. தகட்டைத் தூக்கினால்தான் எண்ணெயின் அளவு தெரியும் என்பதால், பல வண்டிகளில் அதை யாரும் பார்ப்பதே இல்லை. நான் அந்த மாஸ்டர் சிலிண்டரை அகற்றி, இரட்டை அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரையும் இரண்டாவது காற்று பூஸ்டரையும் பொருத்தி, முன் ஆக்ஸிலை ஒரு தொடர்பாகவும் பின் ஆக்ஸில்கள் இரண்டையும் மற்றொரு தொடர்பாகவும் பிரித்தேன். இப்போது ஒன்று உடைந்தாலும் மற்றொன்று பிடிக்கும். இராணுவம் பயன்படுத்திய சிலிக்கோன் பிரேக் எண்ணெயைச் சாதாரண டாட் 3 எண்ணெயுடன் கலக்கக் கூடாது. சிலிக்கோன் எண்ணெய் நீரை ஈர்ப்பதில்லை. ஆனால் உள்ளே புகுந்த நீர் தாழ்வான இடங்களில் அப்படியே தங்கித் துருவை உண்டாக்கும். ஆகவே முழு அமைப்பையும் காலி செய்து, சுத்தப்படுத்திய பின்னரே புதிய எண்ணெயை நிரப்பினேன்.

டயர் தேர்வையும் பிரேக்கே முடிவு செய்தது. பலரும் விரும்பும் 395/85ஆர்20 டயர் சுமார் 46 அங்குல உயரம் கொண்டது. வண்டியோடு வந்த 9.00-20 டயர் 40 அங்குலத்திற்குச் சற்றே மேல். சக்கரம் உயர உயர, அதே டிரம் தரையில் செலுத்தும் நிறுத்தும் விசை குறைகிறது. இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கும் வலுவும் அதே அளவில் குறைகிறது. ஆகவே சுமார் 43 அங்குல உயரமுள்ள 11.00ஆர்20 டயர்களை, பின்னால் இரட்டையாக இருந்த இடங்களிலும் ஒற்றையாக, பத்துக்குப் பதில் மொத்தம் ஆறு போட்டு, பின் ஹப்புகளைத் திருப்பிப் பொருத்தி முன் சக்கரத் தடத்தோடு இணையச் செய்தேன். பூட்டு வளையம் கொண்ட இந்த ரிம்களுக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வளையம் தெறித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. இதில் எவரும் அவசரம் காட்டக் கூடாது.

சான் ரஃபேல் ஸ்வெல் பகுதியின் பாதைகளில் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மணல் படுகைகளில் டயர்க் காற்றைக் குறைத்ததும் நன்றாக ஏறியது. பாறைச் சரிவுகளில் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ்நிலையில் வைத்து முதல் கியரில் இறங்கினால், எஞ்சினே பெரும்பாலும் வேகத்தைப் பிடித்துவிடுகிறது. மிதியைத் தொட வேண்டிய இடங்களில் அழுத்தம் சீராக இருந்தது. நீரோடையைக் கடந்த பிறகு மட்டும், டிரம்கள் காயும்வரை மிதியை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்ட வேண்டும். வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஆறு ஹப்புகளையும் வெப்பமானியால் பார்க்கிறேன்: ஒன்று மட்டும் அதிகம் சூடேறியிருந்தால், ஷூ உரசுகிறது அல்லது பேரிங் மிகையாக இறுக்கப்பட்டிருக்கிறது. இடப்பக்கப் பின் சக்கரம் அப்படிச் சூடேறியது. ஷூவைச் சற்றுத் தளர்த்தியதும் மற்றவற்றோடு சமமாகிவிட்டது. அடுத்து ஸ்டீயரிங்கிற்குப் பவர் உதவி பொருத்துவதற்கான பாகங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.