வளாக வானொலி ஸ்டுடியோவுக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு

கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி, அதாவது உள்ளூர் மக்களுக்காக அவர்கள் பங்கேற்புடன் இயங்கும் சிறு எஃப்.எம். நிலையம், நடத்தலாம் என்ற கொள்கை 2002 டிசம்பரில் வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ கல்லூரிகள் ஸ்டுடியோ கட்டிவிட்டன. கட்டும்போது எல்லோரும் மைக், மிக்ஸர் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அறை எங்கே இருக்க வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை.

விதிப்படி நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் உருவாக வேண்டும். அறையோ விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையின் இரண்டாவது மாடியில் இருக்கும். மீன் விற்றுவிட்டு வரும் அம்மா கேட்டில் செக்யூரிட்டியிடம் பதில் சொல்லி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, இரண்டு மாடி ஏற வேண்டும். ஒருமுறை வருவார், மறுமுறை வரமாட்டார். ஆகவே தரைத்தளம், காம்பவுண்டு சுவரை ஒட்டிய அறை, தெருப்பக்கம் ஒரு கதவு, சாய்தளம், பக்கத்திலேயே கழிப்பறை. வெளியில் உட்கார ஒரு பெஞ்ச் போட்டால் பாதி நிகழ்ச்சிக்கான விஷயம் அங்கேயே கிடைத்துவிடும்.

தெருப்பக்கம் என்றால் ஹார்ன் சத்தம் வருமே என்பார்கள். வரும். தெருக்கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும்படி பழக்க வேண்டும். கதவின் அடியில் ரப்பர் பட்டை கட்டாயம். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே சுவருக்குச் செலவு செய்தது வீண். கட்டுப்பாட்டு அறைக்கும் ஸ்டுடியோவுக்கும் நடுவே உள்ள ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி, ஒன்று 6 மி.மீ., இன்னொன்று 10 மி.மீ. இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே அலைவெண்ணில் அதிர்ந்து சத்தத்தைக் கடத்திவிடும். முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள்: வெளிச்சத்தத்தை அது தடுக்காது, தீப்பிடித்தால் மளமளவென்று எரியும். உள்ளே எதிரொலிக்குச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கும் கனத்த பருத்தித் திரையே பெரும்பாலும் போதும். கைதட்டிப் பாருங்கள்; 'ணங்' என்று இழுக்கக் கூடாது. மைக் 'டைனமிக்' வகையாக இருக்கட்டும். 'கண்டென்சர்' வகை மைக் நுணுக்கமானது, ஏ.சி. இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும்.

டிரான்ஸ்மிட்டர் வழக்கமாக 50 வாட். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பத்துக் கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் கேட்கும். இங்கே பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்கு ஆர்.ஜி. 213 என்ற மெல்லிய வகை கேபிளை 40 மீட்டர் இழுத்தால் 20 வாட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அரை அங்குல ஃபோம் கேபிளில் இழப்பு அதில் பாதிகூட இல்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு ரிஃப்ளெக்டட் பவர் (ஆன்டெனாவில் வெளியேறாமல் டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பும் சக்தி) ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கனெக்டரில் இறங்கிய தண்ணீர். இடிதாங்கிக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் எர்த் பிட் (நில இணைப்புக் குழி) தனித்தனியாகத் தோண்டினாலும் தரைக்கடியில் செம்புப் பட்டையால் இணைக்க வேண்டும்.

செய்தி வாசிக்க அனுமதி இல்லை, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்புச் செய்யலாம். ஆனால் தண்ணீர் லாரி எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்பதெல்லாம் செய்தியாகக் கருதப்படுவதில்லை. மக்கள் ரேடியோவைத் திருகுவதே அதற்குத்தான். ஒலிபரப்பியதை மூன்று மாதம் சேமித்து வைக்க வேண்டும். கோப்புப் பெயரில் தேதி, தெரு, தலைப்பு மூன்றும் இல்லாவிட்டால் தேடவே முடியாது.

குடிகாரக் கணவனைப் பற்றி ஒரு பெண் பேசினால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. கேட்பவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள், குரலே காட்டிக்கொடுத்துவிடும். வேறொருவர் குரலில் பதிந்து, ஒலிபரப்புமுன் அந்தப் பெண்ணுக்கே போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும்.

செமஸ்டர் தேர்வு வந்தால் மாணவர்கள் காணாமல் போவார்கள், மே மாதம் முழுக்கச் சினிமாப் பாட்டுதான் ஓடும். ஜனவரியிலேயே பகுதிவாசிகள் மூன்று பேருக்காவது மிக்ஸரும் எடிட்டிங்கும் கற்றுக்கொடுத்து, போக்குவரத்துக்கும் காப்பிக்கும் காசு ஒதுக்கி, தெருக்கதவின் சாவி ஒன்றையும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு இறுதியாண்டு மாணவரின் போனில் மட்டும் இருக்கக் கூடாது.