ஒரே மெட்டில் நின்ற விரல்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று எங்கள் வீணை ஆசிரியை அடிக்கடி சொல்வார். யாழ்ப்பாணத்தின் இணுவில் கிராமத்தில் அவருடைய வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் பயின்ற நாங்கள், வயலினையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசைப்படும்போதெல்லாம் அந்தப் பழமொழியைக் கேட்க நேரும். பிள்ளைகளுக்கு அது நல்ல அறிவுரைதான். ஆனால் வீணை எஸ். பாலசந்தருக்கு அது பொருந்தாது என்பதை, வீட்டில் இருந்த அவருடைய வீணை ஒலிநாடா ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு நான் அறிந்துகொண்டேன்.

1927ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த பாலசந்தர், 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில், அண்ணன் எஸ். ராஜம் இராமனாக நடிக்க, இராவணனின் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார். கஞ்சிராவைத் தொடர்ந்து தபேலா, ஹார்மோனியம், தில்ரூபா, சித்தார் என்று ஒவ்வொன்றையும் குரு எவரிடமும் அமர்ந்து பயிலாமல் தானாகவே கைவரப்பெற்று, சித்தாரில் கச்சேரி செய்யும் அளவுக்குத் தேர்ந்த பின்னரே வீணைக்கு வந்தார். இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதனிடையே திரைப்படத்திலும் அவர் நடிகராக, இசையமைப்பாளராக, இயக்குநராக இயங்கினார். பாட்டுக்காகவே மக்கள் கொட்டகைக்குப் போன காலத்தில், 1954இல், ஒரு பாடல்கூட இல்லாமல் 'அந்த நாள்' படத்தை இயக்கிய துணிவு ஓர் இசைக்கலைஞரிடமிருந்து வந்ததை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். ஓசை எங்கே வேண்டாம் என்பதை அறிந்த காது அது. பத்து ஆண்டுகளின் பின் 'பொம்மை' படத்தைத் தானே தயாரித்து, இயக்கி, இசையும் அமைத்தார். யேசுதாஸின் குரல் தமிழ்த் திரையில் முதலில் ஒலித்தது அந்தப் படத்தில்தான். 1970இல் வந்த 'நடு இரவில்' படத்தோடு திரைப்படத்தை விட்டு விலகி, வீணையே வாழ்வாக இருந்தார். கர்நாடக இசையின் தாய் இராகங்களான 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982இல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

வீணையில் மீட்டிய நாதம் விரைவில் அடங்கிவிடும். அதனால் வாசிப்பவர்கள் அடுத்தடுத்து மீட்டி இடைவெளியை நிரப்புவது வழக்கம். பாலசந்தரோ ஒருமுறை மீட்டிவிட்டு, விரலை ஒரே மெட்டில், அதாவது தந்திக்குக் கீழே சுரத்தின் இடத்தைக் காட்டும் கட்டையில், வைத்தபடி தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த ஒரே நாதம் அடங்குவதற்குள் பல சுரங்களை வரவழைப்பார். தந்தியை அவ்வளவு தூரம் இழுக்கும் துணிவைச் சித்தாரும், இழுபடும் ஒலியின் சுவையை வில்லால் வாசிக்கும் தில்ரூபாவும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 24 மெட்டுகளையும் நான்கு வாசிப்புத் தந்திகளையும் கொண்ட அந்தக் கருவிக்குள், முன்பு தொட்ட கருவிகள் எல்லாவற்றையும் அவர் கொண்டுவந்து சேர்த்தார். வீணையின் மென்மையை அவர் குலைத்துவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு; அவருடைய ஆலாபனையை இறுதிவரை பொறுமையாகக் கேட்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

1990 ஏப்ரல் 13 அன்று பிலாய் நகரில் அவர் காலமானார். அந்த யூன் மாதத்தில் போர் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைப் பொருத்தி, அண்ணா கையால் மிதியைச் சுற்ற, நான் அந்த ஒலிநாடாவைக் கேட்பேன். அண்ணாவின் கை சற்றுத் தளர்ந்தாலும் சுருதி இறங்கிவிடும். விரைவான பகுதிகளில் அது அவ்வளவாகத் தெரியாது. பாலசந்தர் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும் இடத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய இடங்கள் வருவதற்கு முன்பே அண்ணா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராகச் சுற்றப் பழகிவிட்டார்.

ஒருநாள் ஆசிரியையும் எங்கள் வீட்டுக்கு வந்து அதைக் கேட்டார். கேட்டு முடித்தபின் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அடுத்த வகுப்பில் சுர வரிசைப் பயிற்சிகளை நிறுத்தி வைத்துவிட்டு, ஒரே மெட்டில் விரலை வைத்து, ஒருமுறை மட்டும் மீட்டி, காந்தாரத்திலிருந்து (க) பஞ்சமம் (ப) வரை இழுக்கும்படி எங்களிடம் சொன்னார். பஞ்சமத்தைத் தொடுவதற்குள் என் நாதம் அடங்கிவிட்டது. "திரும்பவும் மீட்டு, பிள்ளை" என்றார்.