கறுப்பு வயரும் சேஞ்ச் ஓவரும்

கீழக்கரையில் நான் தனியாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்து இரண்டாவது வருஷம். வாடைக்காற்று இறங்கிவிட்டால் எங்கள் கரையில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் புதிதாக ஜெனரேட்டர் வாங்கியிருந்தார்கள். மகன் வெளிநாட்டில், அம்மா மட்டும் ஊரில். வீட்டை ஈ.பி. லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சுக்குச் சேஞ்ச் ஓவர் என்று பெயர். அதில் கரண்டு வரும் வயரான பேஸை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, கரண்டு திரும்பிப் போகும் வயரான நியூட்ரலில் ஈ.பி.யுடையதையும் ஜெனரேட்டருடையதையும் ஒரே லிங்க்கில் (வயர்களைச் சேர்க்கும் பித்தளைப் பட்டையில்) சேர்த்து முறுக்கிவிட்டேன். கறுப்பு வயர் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு.

நாலாம் நாள் அந்த அம்மா கூப்பிட்டார். "தம்பி, ஜெனரேட்டர்ல எல்லாம் நல்லா ஓடுது. ஈ.பி. கரண்டு வந்து ஃபிரிட்ஜ் போட்டா டப்புனு விழுந்துடுது."

விழுந்தது மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஆர்.சி.சி.பி., அதாவது கரண்டு கசிந்தால் தானாக அணைந்துவிடும் காவல் சுவிட்ச். ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு அயர்ன் பாக்ஸ் போட்டேன், அதற்கும் விழுந்தது. ஒரு மணி நேரம் வீடு முழுக்கக் கசிவு தேடினேன். கடைசியில் மெயினை அணைத்துவிட்டு, லிங்க்கிலிருந்து ஜெனரேட்டரின் கறுப்பு வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு மறுபடி போட்டேன். விழவில்லை.

அந்த ஜெனரேட்டருக்குள் நியூட்ரலையும் பாடியையும் இணைத்திருந்தார்கள். பாடிக்கு எர்த் கொடுத்தது நான். ஆக, ஜெனரேட்டர் சும்மா நின்றாலும் வீட்டு நியூட்ரல் அதன் வழியாக மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேஸில் போன கரண்டில் ஒரு பங்கு ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பாமல் எர்த்தில் போய்விட்டது. போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது விழத்தான் செய்யும். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது, தப்பு என்னுடையது.

டபுள் போல் சேஞ்ச் ஓவர் வாங்கி, பேஸோடு நியூட்ரலும் சேர்ந்து மாறும்படி போட்டேன். ஆர்.சி.சி.பி.யைச் சேஞ்ச் ஓவருக்கு அடுத்து மாற்றினேன், ஜெனரேட்டர் ஓடும்போதும் காவல் இருக்கட்டும் என்று. ஜெனரேட்டருக்குள் இருந்த இணைப்பில் மட்டும் கை வைக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் கசியும் கரண்டுக்குத் திரும்பும் வழி இருக்காது, ஆர்.சி.சி.பி.யும் விழாது.

அன்று இரவு தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. பொது நியூட்ரல் என்றால் ஜெனரேட்டர் ஓடும்போதும் அந்த வயர் கம்பத்து லைனோடு சேர்ந்தே இருக்கிறது. எங்காவது நியூட்ரல் அறுந்து, வீட்டில் ஒரு மோட்டாரும் கசிந்தால், செத்த லைன் என்று நம்பி ஏறும் லைன்மேன் கையில் என்ன வரும்? அவரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.

அப்புறம் உப்பு. மண்டபத்தில் ஒரு த்ரீ பேஸ் வீடு, மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்து மாறும் நாலு போல் சேஞ்ச் ஓவர். ஓர் அறையில் பல்பு கண் கூசுகிறது, அடுத்த அறையில் மங்குகிறது. பார்த்ததுமே மெயினை இறக்கினேன். திறந்தால் நியூட்ரல் முனையில் பச்சைக் களிம்பு, திருகைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொடி. த்ரீ பேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் சாமானுக்கு 400 வரைகூட ஏறும். டிவி ஏற்கெனவே போயிருந்தது.

இப்போதெல்லாம் வாடைக்கு முன்னால் நான் மாட்டிய பெட்டிகளை ஒரு சுற்றுத் திறந்து பார்த்துவிடுகிறேன். முதலில் ஸ்க்ரூ டிரைவர் வைப்பது நியூட்ரல் திருகில்தான். பெரும்பாலும் கால் சுற்று இறங்கும்.