ஒரே கம்பெனி, இரண்டு வரிசை

இரண்டு விமான நிறுவனங்கள் இணைகின்றன என்று செய்தி வந்தால் பத்திரிகைகள் பங்கு விலையைப் பற்றியும் புது லோகோவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும். விமானிகளுக்கு ஒரே கேள்விதான்: சீனியாரிட்டி பட்டியலில் என் நம்பர் என்ன ஆகும்?

அமெரிக்காவில் அந்த நம்பர்தான் ஒரு விமானியின் தலையெழுத்து. எந்த விமானம் ஓட்டலாம், எப்போது கேப்டன் ஆகலாம், எந்த ஊரிலிருந்து கிளம்பலாம், கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருக்க முடியுமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே, எல்லாமே அதை வைத்துத்தான். பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்குப் போனால், இருபது வருட அனுபவம் இருந்தாலும் அங்கே கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். அப்புறம் எங்கே போவது?

இது எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால் 2005-இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்த கதையைப் படிக்க வேண்டும். யுஎஸ் ஏர்வேஸ் பழைய, பெரிய கம்பெனி. ஃபிலடெல்ஃபியா, சார்லட் பக்கம் அதன் கோட்டை. ஆனால் 2002-இல் ஒரு தடவை, 2004-இல் இன்னொரு தடவை என்று திவாலாகி, விமானிகளின் சம்பளத்தை வெட்டி, பென்ஷனையும் கைகழுவி, நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அமெரிக்கா வெஸ்ட் ஃபீனிக்ஸில் இருந்த சின்ன கம்பெனி, 1983-இல்தான் ஆரம்பித்தது, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் யுஎஸ் ஏர்வேஸுடையது, நிர்வாகம் அமெரிக்கா வெஸ்டுடையது என்று ஏற்பாடு. பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் தங்களை கிழக்கு என்றும், அமெரிக்கா வெஸ்ட் விமானிகள் மேற்கு என்றும் அழைத்துக்கொண்டார்கள்.

இரு தரப்பும் ஆல்பா என்ற ஒரே யூனியனில்தான் இருந்தன. பட்டியலை எப்படிச் சேர்ப்பது என்று பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை. யூனியன் விதிப்படி நடுவரிடம் போனது. அவர் சொல்வதே முடிவு என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டுதான் போனார்கள். கிழக்கின் வாதம்: வேலையில் சேர்ந்த தேதியை வைத்து அடுக்குங்கள். மேற்கின் வாதம்: நாங்கள் வராவிட்டால் உங்கள் கம்பெனியே இருந்திருக்காது, இன்று யார் எந்த சீட்டில், கேப்டனாகவா துணை விமானியாகவா, இருக்கிறார்களோ அதை வைத்து அடுக்குங்கள்.

2007 மே மாதம் நடுவர் ஜார்ஜ் நிக்கொலாவ் தீர்ப்பு சொன்னார். அட்லாண்டிக் தாண்டிப் போகும் பெரிய விமானங்கள் கிழக்கிடம் மட்டும்தான் இருந்தன என்பதால் முதல் 517 இடம் கிழக்குக்கு. அதற்குக் கீழே இரண்டு பக்கத்தையும் விகிதப்படி கலந்தார். ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தவர்களைக் கடைசியில் போட்டார். விளைவு, 17 வருடம் ஓட்டிய கிழக்கு விமானி, மேற்கில் சில மாதம் முன்பு சேர்ந்த பையனுக்குப் பக்கத்து நம்பரில் வந்து நின்றார்.

அந்த 17 வருடக்காரர் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் வயிறு எரிந்திருக்கும். ஆனால் நடுவர் சொல்வதே முடிவு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தீர்ப்பு பிடிக்கவில்லை என்றதும் கிழக்கு என்ன செய்தது பாருங்கள். ஆள் பலம் அவர்கள் பக்கம்தான் அதிகம். யுசாபா என்று புது யூனியன் ஆரம்பித்து, 2008-இல் ஓட்டெடுப்பில் ஜெயித்து, ஆல்பாவையே வெளியேற்றிவிட்டார்கள். புது யூனியனின் கொள்கையே சேர்ந்த தேதிதான். மேற்கு விமானிகள் விரும்பாவிட்டாலும் இனி அவர்களுக்கும் அதுதான் யூனியன்!

பட்டியல் இல்லாமல் பொது ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் சம்பள உயர்வு இல்லை. கிழக்கு விமானிகள் திவால் காலத்துச் சம்பளத்திலேயே வருடக்கணக்கில் பறந்தார்கள். கிழக்கு விமானத்துக்குக் கிழக்கு ஆள், மேற்கு விமானத்துக்கு மேற்கு ஆள் என்று ஒரே கம்பெனிக்குள் இரண்டு கம்பெனி. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய யுஎஸ் ஏர்வேஸ் விமானம் நினைவிருக்கிறதா? ரேடியோவில் அதன் பெயர் ‘கேக்டஸ் 1549’. கேக்டஸ் என்பது மேற்கின் அழைப்புப் பெயர், உள்ளே இருந்த இரண்டு விமானிகளும் கிழக்கு. துணை விமானி ஸ்கைல்ஸ் ஒரு காலத்தில் கேப்டனாக இருந்து, ஆட்குறைப்பில் வலது சீட்டுக்கு இறக்கப்பட்டவர். கேப்டன் சல்லன்பர்கர் அடுத்த மாதமே நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, தன் சம்பளத்தில் 40 சதவீதம் போய்விட்டது, பென்ஷனும் போய்விட்டது என்று சொன்னார். நாடே கொண்டாடிய ஆளுக்கே அந்த நிலைமை.

ஸ்ட்ரைக் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் விமானிகளுக்கும் ரயில்வே தொழிலாளர் சட்டம்தான். ஒப்பந்தம் காலாவதியே ஆகாது, அரசின் மத்தியஸ்த வாரியம் ‘இனி பேசிப் பயனில்லை’ என்று விடுவிக்க வேண்டும், அதற்குப் பிறகும் 30 நாள் பொறுக்க வேண்டும். 2010-இல் ஸ்பிரிட் என்ற விமான நிறுவனத்தின் விமானிகள் இந்தப் படிகளை எல்லாம் ஏறி முடித்துத்தான் ஸ்ட்ரைக் செய்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இரண்டு கூட்டம் அதுவரை எப்படிப் போகும்? 2011-இல் கிழக்கு விமானிகள் வேண்டுமென்றே தாமதம் செய்கிறார்கள் என்று நிர்வாகம் சார்லட் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையும் வாங்கிவிட்டது.

நம் ஊரிலும் இதே நோய்தான். 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. 2012-இல் புது போயிங் 787 பயிற்சிக்கு இந்தியன் ஏர்லைன்ஸ்காரர்களை அனுப்பக் கூடாது, எங்கள் பதவி உயர்வு போகும் என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் ஸ்ட்ரைக். எதிராளி நிர்வாகமா, சக விமானியா என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

அங்கே அமெரிக்காவில், நிக்கொலாவ் பட்டியலைக் கைவிட்டதற்காக யுசாபா மீது மேற்கு விமானிகள் போட்ட வழக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2009-இல் மேற்குக்குச் சாதகமாகத் தீர்ப்பு, அடுத்த வருடம் மேல்முறையீட்டில் ‘இப்போது வழக்கு போட நேரம் வரவில்லை’ என்று ரத்து. 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்தபோதுதான் விமானிகள் கையில் நல்ல சம்பளம் வந்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் யுசாபா மேற்கு விமானிகளுக்குச் செய்யவேண்டிய கடமையிலிருந்து தவறியது என்றது. 2016 செப்டம்பரில் மூன்று நடுவர்கள் பணிக்காலத்துக்கும் எடை, வகித்த பதவிக்கும் எடை என்று கலந்து, அமெரிக்கன் விமானிகளையும் சேர்த்து ஒரே பட்டியல் போட்டார்கள். கிழக்கும் மேற்கும் இணைந்து 11 வருடம் ஆகியிருந்தது. நிக்கொலாவின் 2007 பட்டியல்படி ஒருவருக்குக்கூட ஒரு சீட்டும் ஒதுக்கப்படவில்லை.