கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு தாள்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நான் மளிகை வாங்கும் கடையின் கண்ணாடிக் கதவில் 'கறிவேப்பிலை வியாழக்கிழமை வரும்' என்று ஒரு தாள் எப்போதும் இருக்கும். போன வாரம் பக்கத்தில் இன்னொன்று முளைத்திருந்தது. துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று, ஆங்கிலத்தில்.

கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, இதை ஒட்டாட்டி துவக்கோட உள்ள வரலாமாம், உண்மையோ?" என்று கேட்டார்.

உண்மைதான். ஆனால் அதற்குள் சட்டம் மூன்று முறை புரண்டுவிட்டது. நியூயார்க்கில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக நூறு வருடத்துக்கும் மேலாகத் தக்க காரணம் காட்ட வேண்டியிருந்தது. வெறும் பயம் போதாது. 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 6-3 என்று ரத்து செய்தது. மாநிலம் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம்: சப்வே ரயில், டைம்ஸ் ஸ்கொயர், பூங்கா, கோயில் எல்லாவற்றிலும் தடை. தனியார் கடை என்றால் உரிமையாளர் சம்மதித்தால்தான் எடுத்துவரலாம். அப்போது அண்ணன் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மக்கள் வந்துபோகும் கடைகளுக்கு அந்த விதி செல்லாது என்றது. வேண்டாம் என்றால் இனி கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

தடை வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனாலும் வழக்கு நடக்கிற விதம் விசித்திரம். 2022 தீர்ப்பின்படி, இப்படி ஒரு கட்டுப்பாடு அந்தக் காலத்திலேயே இருந்தது என்று அரசு காட்ட வேண்டும். அந்தக் காலம் என்றால் துப்பாக்கி உரிமை அரசியலமைப்பில் ஏறிய 1791, மிஞ்சிப்போனால் அந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தக் காரணமான திருத்தம் வந்த 1868. சப்வே ஓட ஆரம்பித்ததே 1904-ல்! அதனால் வக்கீல்கள் பழைய சட்டங்களைத் தூசி தட்டுகிறார்கள். ஹவாயிலும் இதே கடை விதிமேல் வழக்கு. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. ஹவாய் காட்டும் பழைய சட்டங்களில் ஒன்று, அடுத்தவர் நிலத்தில் திருட்டு வேட்டையைத் தடுக்க நியூஜெர்சி 1771-ல் போட்டது. இன்னொன்று லூசியானா, 1865. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, விடுதலையான கறுப்பின மக்களை அடக்கிவைக்கப் போட்ட சட்டங்களோடு வந்தது அது. அதைப் போய்த் துணைக்கு இழுப்பதா? எனக்கே கூச்சமாக இருந்தது.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பாதியிலேயே, "அப்ப கோயிலுக்கும் ஒட்ட வேணுமோ?" என்றார். கோயிலுக்கு வேண்டாம், அங்கே சட்டமே தடுக்கிறது என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டு, தாளின் கீழ்மூலை பிரிந்திருந்த இடத்தில் இன்னொரு டேப் ஒட்டினார்.