ஒரு பழிவாங்கும் படத்தின் சண்டைகளை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்த்த அனுபவம்

சண்டைக் காட்சியை வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், நன்றாக எடுத்த ஒரு சண்டையை முதலில் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் எடிட்டர் அடிக்கடி சொல்வார். "எந்தப் படம்னு நீயே முடிவு பண்ணுப்பா, ஆனா பாதியில விடக் கூடாது." நிபந்தனை அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்டது ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘தி எயிட் டயகிராம் போல் ஃபைட்டர்’. இயக்குநர் லாவ் கார்-லியுங். ஒரு குடும்பம், ஒரு துரோகம், அதற்கு ஒரு பழி என்று கதை மிகவும் எளிமையானது. அந்தக் கதை வசனத்தில் இல்லை, கம்பு போகும் பாதையில் இருக்கிறது என்பது பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. இதே வேலையைச் செய்ய நினைக்கும் உதவி எடிட்டர்களுக்காக, நான் போன வழியை எழுதுகிறேன்.

கதையின் பின்னணி தெரிந்தால்தான் மற்றது புரியும். சீனாவில் சோங் பேரரசின் வட எல்லையைக் காத்தவர்கள் யாங் குடும்பத்தினர். குடும்பத் தலைவர் யாங் யே வரலாற்றில் உண்மையாகவே வாழ்ந்த தளபதி. 986இல், வடக்கே இருந்த எதிரி நாடான லியாவின் படையிடம் சிக்கி, உணவை மறுத்து உயிர்விட்டார். அந்தப் போரில் அவருக்கு மேலே இருந்த தளபதி பான் மெய். பின்னால் வந்த நாடகங்களும் கதைகளும் பான் மெய்யை அந்தக் குடும்பத்தின் பரம விரோதியாகவே ஆக்கிவிட்டன. படமும் அந்த வழியில்தான் போகிறது. பான் மெய்யின் துரோகத்தால் தந்தையும் ஏழு மகன்களும் போர்க்களத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறாவது மகன் மட்டும் சித்தம் கலங்கி வீட்டுக்குத் திரும்பி வருகிறான். ஐந்தாவது மகன் தன் ஈட்டியின் முனையை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் கம்போடு வூதாய் மலையில் இருக்கும் பௌத்த மடத்தின் கதவைத் தட்டுகிறான்.

இந்த இடத்தில்தான் எனக்குப் படம் மேல் தனிப் பிரியம் வந்தது. ஐந்தாமவனின் பெயரால் வழங்கும் அந்தக் கம்பு முறை ‘ஹுங் கார்’ என்ற தென்சீனச் சண்டைக்கலையில் இன்றைக்கும் கற்றுத்தரப்படுகிறது. வோங் ஃபெய்-ஹுங்கிடமிருந்து லாம் சாய்-விங்குக்கு, அவரிடமிருந்து லாவ் சாமுக்கு, லாவ் சாமிடமிருந்து மகன் லாவ் கார்-லியுங்குக்கு என்று குரு வழியாக வந்த கலை அது. ஐந்தாமவனாக நடித்த கோர்டன் லியூ, லாவ் சாமிடம் கற்றவர், அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டவர். ஆக, ஒரு வீட்டார் தங்கள் கையில் இருக்கும் ஆயுதத்தின் பூர்வகதையை அவர்களே படமாக எடுத்திருக்கிறார்கள். சண்டைக்காக யாரோ சொல்லிக்கொடுத்த நாலு அசைவு இல்லை இது. அந்தக் கம்பில் ஈட்டியின் குத்து அப்படியே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் சிலம்பம் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சுழற்சியைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, இடுப்பைத் தாழ்த்தி, காலை அகட்டி ஊன்றி, நேர்கோட்டில் பாயும் இந்தக் கம்பைப் பின்தொடரவே கொஞ்ச நாள் பிடித்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். நல்ல பிரதி கிடைக்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள். செலஸ்டியல் பிக்சர்ஸ் 2000இல் ஷா பிரதர்ஸ் படங்களின் உரிமையை வாங்கி, நூற்றுக்கணக்கான படங்களைச் சுத்தம் செய்து வெளியிட்டது. அதற்கு முன்பு வீடியோ கேசட்டில் சுற்றிய பிரதிகள் பலவற்றில் அகலத்திரையின் இரண்டு ஓரங்களையும் வெட்டியிருப்பார்கள். இந்தப் படத்தில் அடுத்த அடியை அடிக்கப் போகிறவன் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் நிற்கிறான். அவன் அங்கே நிற்பது தெரியாவிட்டால் அடி எங்கிருந்தோ திடீரென்று வந்த மாதிரி இருக்கும். எடிட்டர் ஏதோ குளறுபடி செய்துவிட்டார் என்று நினைத்துவிடுவோம்.

முழுப் படத்தையும் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில், அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வெட்டிலும் மார்க்கர் வைத்துக்கொண்டே போனேன். வெட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது, ஆனால் ஷா பிரதர்ஸ் படத்துக்கு அது உதவாது. கேமரா சட்டென்று வீசித் திரும்பும், ஜூம் ஒன்று பாய்ந்து முகத்துக்குப் போய்த் திரும்பி வரும். மென்பொருள் அதையெல்லாம் வெட்டு என்று எழுதிவிடும். உண்மையில் அது ஒரே ஷாட். கண்ணால் பார்த்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தித்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். யார் இடது, யார் வலது, யார் கையில் என்ன ஆயுதம், எத்தனை அடி, அடி விழுந்த பிறகு வெட்டா, விழும்போதே வெட்டா என்று ஷாட்டுக்கு ஒரு வரி. முதல் போர்க்களக் காட்சியிலேயே கை வலித்துவிட்டது.

அந்தப் போர்க்களம் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். நிஜம் போலக் காட்ட அவர்கள் முயலவே இல்லை. மேடை நாடகம் போல ஒவ்வொரு அண்ணன் தம்பிக்கும் ஒரு இடம், ஒரு சாவு. எதிரிகள் வைத்திருப்பது வளைந்து சுற்றிக்கொள்ளும் கோல். ஈட்டியைச் சுற்றி இறுக்கிவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஈட்டியை அசைக்க முடியாது. நோட்டில் ‘ஆயுதம் சிக்கியது’ என்ற வரி மறுபடி மறுபடி வந்தது. பெரும் வீரர்கள், கையில் ஆயுதம், ஆனால் பயனில்லை. அந்தக் குடும்பம் தோற்றதன் வலி முழுக்க அந்த அசைவிலேயே இருக்கிறது. பிறகு ஐந்தாமவன் ஈட்டி முனையை வெட்டும்போது, அந்த முடிவு எனக்கு முற்றிலும் நியாயமாகப் பட்டது.

மடத்துக் காட்சிகள்தான் படத்தின் உயிர். உலோகப் பல் வைத்த மர ஓநாய்களை வைத்துத் துறவிகள் கம்பு பழகுகிறார்கள். ஓநாய் வந்தால் அதைக் கொல்லக் கூடாது, பல்லை மட்டும் பிடுங்கி அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் முறை. கொலை செய்யாமை அங்கே ஒரு அசைவாகவே இருக்கிறது. கம்பு உள்ளே போகும், பல்லைத் தட்டும், வெளியே வந்துவிடும். ஐந்தாமவன் வந்து அடிக்கும்போது கம்பு திரும்பி வருவதில்லை. அவன் அடித்துக்கொண்டே இருக்கிறான், மர ஓநாய் நொறுங்குகிறது. தலையை அவனே மழித்துக்கொண்டாலும் கோபம் அடங்கவில்லை என்று மடத்தலைவர் அவனை ஏற்க மறுப்பதற்கு வசனமே தேவையில்லை. துறவிகளின் ஷாட்டையும் அவன் ஷாட்டையும் டைம்லைனில் மேலும் கீழுமாக வைத்து ஓட்டிப் பாருங்கள், காரணம் கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு இடத்தில் நான் வேலையை நிறுத்திவிட்டேன். ஆறாமவனாக நடித்த அலெக்சாண்டர் ஃபூ ஷெங் படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே, 1983 ஜூலை 7 அன்று கார் விபத்தில் இறந்துபோனார். வயது 28. படத்தில் அவர் பாத்திரம் பாதிக்குப் பிறகு வருவதே இல்லை. அம்மாவையும் தங்கைகளையும் எதிரிகளாகப் பார்த்து அவன் கத்திக்கொண்டு பாயும் காட்சியில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும்போது, இதற்கு மேல் இவர் இல்லை என்று தெரிந்தே நகர்த்த வேண்டியிருந்தது. எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்கு இது இன்னும் கனமாகத் தெரியும். எடுக்காமல் போன காட்சிகளின் ஓட்டை டைம்லைனில் அப்படியே இருக்கிறது. அதை மறைக்க எந்தச் சமாளிப்பும் செய்யவில்லை. காரா ஹூய் நடித்த, வீட்டின் எட்டாவது பிள்ளையான தங்கை ஆண் வேடத்தில் அண்ணனைத் தேடிப் புறப்படுகிறாள், கதை அவளோடு போய்விடுகிறது. படத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் அந்த வெறி, அந்தத் துக்கம் நடிப்பு மட்டும் இல்லை என்றே நான் நம்புகிறேன். ஒன்றாக வேலை செய்தவர்கள் தங்களில் ஒருவரைப் பறிகொடுத்த பிறகு முடித்த படம் இது.

கடைசிச் சண்டை ஒரு சத்திரத்தில் நடக்கிறது. சவப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங் லுங்-வெய் நடித்த லியாவ் தளபதி அங்கே காத்திருக்கிறான். ஐந்தாமவன் தங்கையை முதுகில் சுமந்தபடி சண்டை போடுகிறான். இத்தனை பேர் மோதும் காட்சியில் யார் எந்தப் பக்கம் என்று எனக்கு எங்கேயும் குழப்பம் வரவில்லை. ஏன் என்று தேடியபோது அந்தச் சவப்பெட்டிக் குவியல்தான் காரணம் என்று தெரிந்தது. ஃப்ரேமில் அது எங்கே இருக்கிறதோ அதை வைத்து நாம் நிற்கும் இடம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் மடத்துத் துறவிகள் கம்போடு வந்து இறங்குகிறார்கள். மர ஓநாய்க்குச் செய்ததை மனிதர்களுக்குச் செய்கிறார்கள், வரிசையாகப் பல் உதிர்கிறது. முதல் முறை பார்க்கும்போது அது வெறும் கொடூரமாகத் தோன்றும். மடத்துப் பயிற்சி ஷாட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் அதே உள்ளே போகும் கம்பு, அதே தட்டு, அதே திரும்புதல். அவர்கள் விதியை மீறவில்லை. பழிவாங்க வந்தவனுக்கும் துறவிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார்கள். பழி தீர்ந்த பிறகு ஐந்தாமவன் வீட்டுக்கும் போவதில்லை, மடத்திலும் தங்குவதில்லை.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேமுக்குக் குறைவாக எடுத்து, ஓட்டும்போது வேகமாகக் காட்டுவது ஹாங்காங்கில் வழக்கம்தான். எந்த ஷாட் அப்படி எடுத்தது என்று சந்தேகம் வந்தால் நடிகரைப் பார்க்காதீர்கள். கீழே விழும் மரத்துண்டு, தூசி, அங்கியின் நுனி இவற்றைப் பாருங்கள். அவை விழுகிற வேகம் உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

சத்தத்தைக் கடைசியில்தான் திறந்தேன். அந்தக் காலத்தில் ஷா படங்களில் படப்பிடிப்பின்போது ஒலி பதிவதில்லை, எல்லாம் பிறகு சேர்த்ததுதான். அதனால் படத்துக்கு ஒரு தாளம், ஒலிக்கு ஒரு தாளம். மூன்று நான்கு அடி தொடர்ந்து விழும், உடனே இருவரும் ஒரு கணம் அசையாமல் நிற்பார்கள், மறுபடி அடி. சத்தமில்லாமல் பார்த்தபோது அந்த நிறுத்தம் நடிகர்கள் செய்தது என்று தெரிந்திருந்தது. எடிட்டர் அதை நீட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒலி சேர்ந்த பிறகு அந்த நிறுத்தத்தில் வரும் அமைதிதான் அடுத்த அடியைப் பெரிதாக்குகிறது.

நோட்டை எடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எந்த ஷாட்டை எடுத்தா படம் கெடாதுன்னு சொல்லு" என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சில முகபாவ ஷாட்டுகளை எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. இரண்டு பேரும் முழு உருவமாகத் தெரியும் நீண்ட ஷாட் ஒன்றை எடுத்தால் உடனே கம்பு இடம் மாறித் தாவுகிறது. இப்போது ஸ்டண்ட் மாஸ்டர் நாலு கேமராவில் எடுத்துத் தரும் ரஷ்ஷை, அதாவது இன்னும் வெட்டாத காட்சிகளைப் பார்க்கும்போது, முதலில் முழு உருவ ஷாட்டைக் கீழே போட்டு, அது எங்கே தாங்கவில்லையோ அங்கே மட்டும் மற்ற கேமராவுக்குப் போகிறேன்.

இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கடைசிச் சண்டையிலிருந்து தொடங்க வேண்டாம், ஆட்கள் அதிகம். ஐந்தாமவனும் ஃபிலிப் கோ நடித்த மடத்தலைவரும் மோதும் சண்டையை எடுங்கள். இரண்டு பேர், இரண்டு கம்பு. அதை முடித்துவிட்டு மர ஓநாய்களுக்குப் போங்கள், சத்திரத்தைக் கடைசியில் வையுங்கள்.